வெடியாக்கனி

உங்கள் எழுத்தர் எழுதியதை வாசித்துக் காட்டினார். முதல் பக்கத்திலேயே 'நச்சு விதை' என்று வருகிறது. அதைத் திருத்திவிட்டால் நல்லது, ஐயா. அது கனி. நான் குறை சொல்லவில்லை. நன்றாகப் படித்தவர்களே செய்யும் பிழைதான். இருபத்தாறு வருடமாக அதைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். அரசாங்கம் எனக்குச் சம்பளம் தந்தது வேறு வேலைக்கு.

கோதுமை மணி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் விதை என்று நினைப்பது ஒரு முழுப் பழம். மாதுளையும் அத்தியும் எப்படியோ அப்படியே இதுவும். சதை இல்லை, சாறு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். முற்றிக் காய்ந்த பிறகும் தானாக வெடித்துத் திறக்காது என்பதால் வெடியாக்கனி. உள்ளே ஒரே ஒரு விதை. விதையின் தோலும் கனியின் தோலும் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கும். பழம் எங்கே முடிகிறது, விதை எங்கே தொடங்குகிறது என்று எந்தக் கத்தியாலும் காட்ட முடியாது. ஐரோப்பியர்கள் இதைக் கேரியாப்சிஸ் என்கிறார்கள். கிரேக்கச் சொற்கள் இரண்டை ஒட்டிச் செய்த பெயர்: கொட்டை, தோற்றம். நம் அகராதிக்காரர்கள் கோதுமையின் பழைய பெயரிலிருந்தே ஒரு சொல்லை உருவி இதற்குச் சூட்டிவிட்டார்கள். அது எனக்கு உடன்பாடில்லை. பார்லி, அரிசி, சோளம் எல்லாம் இதே வகைக் கனிகள். ஸவானும் இதே வகைதான். கோதுமையின் பெயரை ஸவான் சுமப்பது முறையல்ல என்று தலைநகரத்துக்கு மூன்று கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை.

நீங்கள் நகரத்துக்காரர். ஸவானைத் தெரிந்திருக்காது. கோதுமைக்குள்ளேயே முளைக்கும் ஒரு புல். அதன் மணி கோதுமை மணி போலவே இருக்கும். கொஞ்சம் ஒல்லி, கொஞ்சம் சாம்பல் நிறம், தொட்டால் கொஞ்சம் சொரசொரப்பு. ரொட்டியில் நாலைந்து விழுந்தால் ஒன்றும் ஆகாது. ஒரு பிடி விழுந்தால் தலை சுற்றும், கால் குடிகாரனைப் போலத் தள்ளாடும், ஒரு பொருள் இரண்டாகத் தெரியும். நாள் கணக்கில் தின்றால் கை நடுங்கும், பார்வையில் புகை படியும். அதற்கு மேல் என்ன ஆகும் என்பது உங்கள் கோப்பில் இருக்கிறது.

என் பெயர் நஸூஹ் கல்லாஸ். காபூர் ஆற்றங்கரையிலுள்ள அரசாங்கத் தானியக் களத்தில் தர நிபுணர். என் அறைக் கதவில் பித்தளைப் பலகை இருக்கிறது. அலுவலகம் 'பரிசோதகர்' என்றுதான் பொறித்துத் தருவதாக இருந்தது. 'நிபுணர்' என் சொந்தச் செலவு.

அறுவடைக் காலத்தில் லாரிகள் பாலம் வரை வரிசை கட்டி நிற்கும். மூட்டையில் குத்தூசியைச் செருகி ஒரு கை மணி எடுப்பேன். கறுப்புத் துணியில் பரப்பிப் பூதக்கண்ணாடியால் பார்ப்பேன். தரம் சொல்வதற்கு முன் கனியைப் பற்றி இரண்டு நிமிடம் பேசுவேன். விவசாயிகளுக்கு அது பிடிக்காது.

"உஸ்தாத், ரெண்டு லாரி பழம் கொண்டாந்திருக்கோம். சீக்கிரம் பாத்து அனுப்புங்க, வெயில்ல அழுகிடப் போவுது" என்பார்கள். வரிசை முழுக்கச் சிரிக்கும். பழ உஸ்தாத், அதாவது பழ வாத்தியார் என்று என் காதுபடவே பேசுவார்கள். நான் அதை மனதில் வைத்துக்கொண்டதில்லை. அப்படிச் சொன்னவர்களின் பெயர்கள் மட்டும் நினைவிருக்கின்றன.

களத்தின் பின்புறக் கொட்டகைக்குள் ஏழு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஊர் மாவு ஆலைக்குப் போகும் கோதுமையெல்லாம் அவர்கள் முறங்களைத் தாண்டித்தான் போகும். ஸவானைப் பொறுக்கி ஒரு தகரத்தில் போடுவார்கள். சாயங்காலம் அந்தத் தகரம் என் அறைக்கு வரும். நான் முத்திரை வைத்துக் குழியில் கொட்டி எரிக்க வேண்டும். அப்படி ஒரு விதி இருக்கிறது, நல்ல விதி.

அந்த ஏழு பேரில் தலைவி கஸ்னா. நாற்பது வயது இருக்கும். புருஷன் இல்லை. கொழுந்தன் வீட்டில் இருந்தாள். சம்பளம் கொண்டுவரும் வரை அந்த வீட்டில் அவளுக்கு ஒரு மூலையும் ஒரு தட்டும் உண்டு என்று அவளே சொல்வாள். அவள் கண்ணைப் போல ஒரு கண்ணை நான் பார்த்ததில்லை. முறத்தை ஒருமுறை உலுக்கிவிட்டு, நிமிர்ந்து பக்கத்தில் இருப்பவளிடம் வம்பு பேசிக்கொண்டே, குனியாமல் ஸவானை எடுத்துத் தகரத்தில் போடுவாள்.

என் கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்று வருடங்களுக்கு முன் ஒருநாள் காலையில் கறுப்புத் துணிமேல் லேசாகப் பால் கொட்டியது போலிருந்தது. கண்ணாடியைத் துடைத்தேன். பால் போகவில்லை. அடுத்த அறுவடையில் மணிகளின் ஓரங்கள் கரைந்துபோயின. அதற்கடுத்த அறுவடையில் மணிகளே ஒரு கலங்கலாகிவிட்டன, ஆள் உருவமும் அசைவும் மட்டும் ஓரளவு தெரிந்தன. அப்போது எனக்கு உண்டான பயத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பலகையில் நிபுணர் என்று போட்டிருக்கிறது. உள்ளே இருப்பவனுக்குப் பலகையே தெரியவில்லை. பகலெல்லாம் வியர்க்கும். யாராவது ஒரு தாளை நீட்டினால் மேசையில் வைத்துவிட்டுப் போகச் சொல்வேன். கண் போனால் அறை போகும், அறை போனால் நான் வெறும் கிழவன். வரிசையில் நிற்கிறவர்கள் அப்போது சிரிக்கப்போகும் சிரிப்பு இப்போதே எனக்குக் கேட்டது.

ஒரு வழி கண்டுபிடித்தேன். மாதிரியைக் கஸ்னாவிடம் நீட்டி, "எத்தனை ஸவான் இருக்கு, சொல்லு பார்ப்போம்" என்பேன். அவள் சொல்வாள். "சரி" என்று தலையாட்டுவேன். நான் தன்னைச் சோதிப்பதாக அவள் நினைத்துக்கொண்டாள். மூன்று வருடம் இந்த ஊர் கோதுமைக்கு அவள் கண்ணும் என் கையெழுத்தும் தரம் சொல்லின. இதில் யாருக்கும் நஷ்டமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்த வருடம் வேளாண் இயக்ககத்திலிருந்து டாக்டர் பஹ்ஜத் வந்தார். வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் மூன்று பேனா. எழுதுவதற்கு உதவியாளரிடம் நாலாவது பேனா இருந்தது. களத்தில் எல்லாரும் கூடியிருக்க, ஒரு பிடி கோதுமையைத் துணியில் போட்டு, "உஸ்தாத் சொல்லட்டும்" என்றார். கஸ்னா தூரத்தில் இருந்தாள். நான் கண்ணாடியைப் பிடித்து வேண்டிய நேரம் பார்த்தேன். கனியைப் பற்றி இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு, சுத்தமான முதல் தரம் என்றேன்.

"அதுல மூணு ஸவான் கெடக்கு உஸ்தாத்" என்றாள் கஸ்னா, இருந்த இடத்திலிருந்தே. "ஒண்ணு உங்க மோதிரத்துக்குப் பக்கத்துலயே இருக்கு. அதுவும் பழந்தானே, பாவம், விட்டுட்டீங்க."

அவள் மனதில் விஷமம் இருந்ததாக நான் இன்றும் நினைக்கவில்லை. வாய்த்துடுக்கு. ஆனால் களம் முழுவதும் சிரித்தது. லாரிக்காரன் ஒருவன் கதவைத் தட்டித் தட்டிச் சிரித்தான். டாக்டர் பஹ்ஜத்தும் சிரித்தார். சிரித்து முடித்ததும் அவருக்கு ஒரு யோசனை வந்தது. அதிகாரிகளுக்கு யோசனை பெரும்பாலும் பிறருடைய அவமானத்திலிருந்துதான் வருகிறது. நாற்பது நாள் கழித்துத் தலைநகரத்து ஆட்களுடன் வருவதாகவும், நிபுணரையும் இந்தப் பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு தேர்வு நடத்துவதாகவும் சொன்னார்.

அன்று வீட்டுக்குப் போய் நிதானமாக யோசித்தேன். என் பார்வையை அவள் பார்வை அளவுக்கு உயர்த்த எந்த வைத்தியனாலும் முடியாது. அவள் பார்வையை என் அளவுக்கு இறக்குவது முடியாத காரியமில்லை. நிரந்தரமாக வேண்டாம், நாற்பது நாளுக்கு மட்டும். ஸவானின் விளைவு தின்பதை நிறுத்தினால் பெரும்பாலும் தணிந்துவிடும் என்று படித்திருக்கிறேன். நான் கெடுதல் நினைக்கிறவனாக இருந்தால் வேறு வழிகள் இருந்தன. அவற்றை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

சாயங்காலத் தகரத்தை எரிப்பதை நிறுத்தினேன். வீட்டில் காபி அரைக்கும் பித்தளைக் கை இயந்திரம் இருந்தது. முழு மணியாகக் கொடுத்தால் கஸ்னா தொட்ட மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவாள். மாவாக்கினால் எந்தக் கனியும் தன் பெயரைச் சொல்லாது. நல்ல கோதுமை மாவோடு அளந்து கலந்து, அதைப் பாலத்தடி ரொட்டிக்காரன் குர்யாக்கோஸிடம் கொண்டுபோனேன். கசப்பு தெரியாதிருக்கக் கருஞ்சீரகமும் சோம்பும் தாராளமாகச் சேர்த்து, எள் தூவி, வளைய ரொட்டியாகச் சுடச் சொன்னேன்.

"என்ன உஸ்தாத், மாவு சாம்பலடிச்சுப் போயிருக்கு. வீட்டுப் பூனை படுத்துச்சா இதுல?" என்றான்.

என் வயிற்றுக்கென்று சேர்த்த மூலிகை மாவு என்றேன்.

"வயித்துக்கா? அப்போ நான் ஒண்ணு எடுத்துக்கறேன், எம் பொண்டாட்டி சமையல் தின்னு ஆறு மாசமா படுத்துது."

அவனுக்குக் கொடுக்கவில்லை. அவன்மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை என்பதற்கு இது சான்று.

மறுநாள் கொட்டகைக்குப் போய், களத்தின் சிறந்த பொறுக்குநருக்கு நிபுணரின் பாராட்டு என்று சொல்லிக் கஸ்னாவிடம் ரொட்டியைக் கொடுத்தேன். அவள் முகம் மலர்ந்தது. அப்படியே துணியை விரித்து ஏழாகப் பிட்டாள். அந்தக் கொட்டகையில் யாருக்கு எது வந்தாலும் ஏழு பங்கு. ஒருத்தி தனியாகத் தின்றால் அவளுடைய முறத்தின் பக்கத்தில் உட்காரக்கூட மாட்டார்கள். இருபத்தாறு வருடம் இதைப் பார்த்திருக்கிறேன், எப்படியோ மறந்துவிட்டேன். ஏழில் ஒரு பங்கு கஸ்னாவின் கண்ணுக்குப் போதாது.

அன்று எனக்குக் கொஞ்சம் சோர்வாக இருந்தது. பிறகு அளவை ஏழால் பெருக்கினேன்.

முதலில் அவர்களுக்குச் சிரிப்புதான் வந்தது. ஒருத்தி முறத்தோடு எழுந்து நேராக நடக்க முடியாமல் சுவரில் முட்டினாள். "என்னடி, காலைலயே அரக் குடிச்சியா?" என்று கத்திச் சிரித்தார்கள். மூன்றாம் நாள் வேறொருத்திக்கு. பத்தாம் நாள் யாரும் சிரிக்கவில்லை. தலைவலி, நடுக்கம், கண்முன் மணிகள் ஊர்வது போன்ற தோற்றம். கொட்டகையில் ஏதோ இருக்கிறது என்று முடிவு செய்தார்கள். கண்ணேறு படாமலிருக்கக் கதவில் நீல மணி கட்டினார்கள். ஹர்மல் விதையைத் தணலில் போட்டுப் புகை காட்டினார்கள். உள்ளே வரும்போது காலணியைக் கழற்றி, மன்னிப்புக் கேட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். யாரிடம் மன்னிப்புக் கேட்டார்கள் என்று தெரியவில்லை. தன் மூச்சுச் சத்தத்துக்கே திடுக்கிட்டு, ஏழு பெண்கள் ஒருவரையொருவர் ஒட்டிக்கொண்டு வேலை செய்ததைத் தினமும் பார்த்தேன். பயத்தைப் போக்க நான் கொடுத்த ரொட்டியைத்தான் ஆவலாக வாங்கித் தின்றார்கள்.

அவர்களில் இளையவள் தர்ஃபா. ஏழு மாதக் கர்ப்பிணி. எங்கள் ஊரில் பிள்ளைத்தாய்ச்சி கண் முன்னால் ஒன்றைத் தின்றால் அவளுக்குப் பங்கு தராமல் தின்னக் கூடாது. குழந்தையின் உடம்பில் மச்சம் விழும் என்பார்கள். ஆளுக்குப் பாதி பிய்த்து அவள் மடியில் போடுவார்கள்.

"போதும் கஸ்னாக்கா, வயித்துல புள்ளையா எள்ளுச் செடியா தெரியலை" என்பாள்.

"தின்னுடி. உம் புள்ளைக்கு இப்பவே பசி. பொறந்தா உஸ்தாத் மாதிரி பழம் பழம்னுதான் கத்தும்."

இதை நான் பார்த்தேனா என்று சற்று முன் உங்கள் உதவியாளர் கேட்டார். பார்த்தேன்.

பதினைந்தாம் நாள் சாயங்காலம், மற்றவர்கள் போன பிறகு கஸ்னா என் அறைக்கு வந்தாள். கதவைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றாள்.

"உஸ்தாத், ஒரு விஷயம். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"சொல்லு."

"கண்ணு போகுது எனக்கு. எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது. ஓரமெல்லாம் புகை. எதைப் பொறுக்கறேன், எதை விடறேன்னே தெரியலை. சும்மா கையை ஆட்டிட்டு உக்காந்திருக்கேன். மத்தவளுங்களும் அப்படித்தான், ஒருத்தியும் வாயத் தொறக்க மாட்டேங்கறா." கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டாள். "கொழுந்தன் வீட்டுல குருடிக்கு யாரு உஸ்தாத் சோறு போடுவா? ராத்திரி படுத்தா, விடியாமலே போயிடுமோன்னு பயமா இருக்கு. விடிஞ்சா, அது எனக்குத் தெரியாமப் போயிடுமோன்னு பயமா இருக்கு."

ஐயா, மூன்று வருடமாக நான் யாரிடமும் சொல்ல முடியாமல் வைத்திருந்ததை அப்படியே என் முன்னால் நின்று வேறொருத்தி சொன்னாள். எனக்குக் கண் கலங்கியது. நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். வேலைக் களைப்பு, சரியாகிவிடும், நான் இருக்கிறேன் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என் ஆயுளில் எந்த மனித உயிரோடும் அவ்வளவு நெருக்கமாக நான் உணர்ந்ததில்லை. போகும்போது இரண்டு வளையம் எடுத்துக் கொடுத்தேன்.

அவள் சொன்னதில் இன்னொரு செய்தி இருந்தது என்பதையும் நான் கவனிக்காமல் இல்லை. பொறுக்கப்படாத ஸவான் ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆலையிலிருந்து ஊர் ரொட்டிக்கு. அடுத்த வாரமே அது தெரிந்தது. தொழுகையில் குனிந்த இமாம் நிமிரத் தெரியாமல் அப்படியே இருந்துவிட்டார். அவர் ஆழ்ந்துவிட்டார் என்று ஊர் மெச்சியது, நூறு பேர் குனிந்தபடியே காத்திருந்தார்கள். போலீஸ்காரர் ஒருவர் சந்தையில் இல்லாத ஆளைக் கைது செய்தார். நகரசபைத் தலைவர் ஊருக்குத் தைரியம் சொல்ல மேடை ஏறி, படியே இல்லாத மறுபக்கமாக இறங்கி விழுந்தார். பிறகு வீடுகளில் விழ ஆரம்பித்தார்கள். முதலில் வயதானவர்கள். ஆற்றுத் தண்ணீரில் விஷம் என்று ஒரு பேச்சு, வானத்திலிருந்து ஏதோ தூவுகிறார்கள் என்று ஒரு பேச்சு. கடைகள் மத்தியானமே சாத்தப்பட்டன. தாய்மார்கள் பிள்ளைகளைக் கயிற்றால் தங்கள் இடுப்போடு கட்டிக்கொண்டு நடந்தார்கள். பயத்துக்கு ஒரு சத்தம் உண்டு என்று அப்போதுதான் தெரிந்தது. ஊர் முழுக்க ஒரே சமயத்தில் தாழ்ப்பாள் போடுகிற சத்தம் அது.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லியிருக்கலாம். தேர்வுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. அந்த நாட்களில் நான் அரிசிதான் சாப்பிட்டேன்.

தர்ஃபா இறந்தது முப்பத்தோராம் நாள், செவ்வாய்க்கிழமை. முறத்தின் மேலேயே விழுந்தாள். உடம்பு முறுக்கி முறுக்கி அடித்தது. ஆறு பெண்களும் அவளைப் பிடித்துக்கொள்ளப் போனார்கள். இரண்டாகத் தெரிந்ததால் பாதிக் கைகள் காற்றைப் பிடித்தன. குழந்தையையும் காப்பாற்ற முடியவில்லை. அன்றும் அடுத்த இரண்டு நாளும் ரொட்டி அனுப்பவில்லை. துக்க வீட்டுக்குப் பாராட்டு ரொட்டி அனுப்புவது முறையல்ல.

நாலாம் நாள் அனுப்பினேன்.

நாற்பதாம் நாள் டாக்டர் பஹ்ஜத் சொன்னபடி வந்தார். கூடவே கழுத்துப்பட்டை கட்டிய இருவர். ஊரில் ஏதோ தொற்று என்று கேள்விப்பட்டு மூக்கில் கைக்குட்டை கட்டியிருந்தார்கள். தேர்வை மட்டும் தள்ளிவைக்கவில்லை, பயணப்படி ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது. எனக்கு ஒரு துணி, கஸ்னாவுக்கு ஒரு துணி. இரண்டிலும் நாற்பது நாற்பது மணி.

என் முறை வந்ததும் நான் துணியைப் பார்க்கவில்லை. அவர்களைப் பார்த்தேன், அதாவது அவர்கள் இருந்த திசையை. "ஐயாமாரே, இதில் எத்தனை கோதுமை, எத்தனை ஸவான் என்று கேட்கிறீர்கள். அறிவியல் அப்படிக் கேட்காது. உலர்ந்தது, ஒற்றை விதை கொண்டது, தானாக வெடிக்காதது, விதைத்தோலும் கனித்தோலும் ஒட்டியது. இந்த நான்கு இலக்கணமும் துணியிலுள்ள நாற்பதுக்கும் பொருந்தும். எனவே இங்கே இருப்பது நாற்பது வெடியாக்கனிகள்" என்றேன்.

பிறகு கழுத்துப்பட்டைக்காரர் ஒருவர் கைதட்டினார்.

"பாத்தீங்களா, இதுதான் அடிப்படையைப் புரிஞ்சுக்கறது" என்றார் டாக்டர் பஹ்ஜத்.

நான் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தவறில்லை, ஐயா. எந்தப் பாடநூலிலும் சரிபார்த்துக்கொள்ளலாம். உண்மையான எண்ணிக்கையைச் சரிபார்க்க அங்கே யாருக்கும் தெரியாது என்பது தனி விஷயம். அந்த வேலையை வழக்கமாகச் செய்கிறவள் கஸ்னா.

அவள் முறை வந்தது. கை நடுங்கி மணிகள் தரையில் சிதறின. குனிந்து தடவினாள். மணியென்று நினைத்து ஒரு சிறு கல்லை எடுத்து வைத்தாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை. "எனக்குத் தெரியலைங்க. தர்ஃபா செத்ததுலேர்ந்து எனக்கு ஒண்ணுமே தெரியலைங்க" என்றாள். டாக்டர் பஹ்ஜத் ஏதோ எழுதிக்கொண்டார். பேனா உரசும் சத்தம் கேட்டது.

பிறகு தேநீர் வந்தது. நான் கண்ணாடிக் குவளையை எடுக்கக் கை நீட்டி, ஒரு சாண் தள்ளித் துழாவினேன். குவளை சாய்ந்து உடைந்தது. மற்றவர்கள் கவனிக்கவில்லை. கஸ்னா கவனித்துவிட்டாள். குருடாகிக்கொண்டிருப்பவர்களுக்கு இன்னொரு குருட்டுக் கை உடனே அடையாளம் தெரிந்துவிடும் போலிருக்கிறது. பக்கத்தில் வந்து என் காதருகே குனிந்தாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"உங்களுக்குமா உஸ்தாத்?" என்றாள். குரல் நடுங்கியது. எனக்காக நடுங்கியது. "ரொட்டி இல்லாத மூணு நாளும் எனக்குக் கொஞ்சம் தெளிஞ்சுது. அப்பவே சந்தேகப்பட்டேன். அந்த குர்யாக்கோஸ் மாவுல என்னமோ இருக்கு. நீங்களும் அதைத் தின்னீங்களா?"

"தின்றேன்" என்றேன்.

ஒரே ஒரு சொல். நான் சொன்ன பொய்யைக் கேட்கிறீர்களானால், இதுவரை அது ஒன்றுதான்.

அவள் வெளியே ஓடிக் கத்தினாள். அன்றே குர்யாக்கோஸைப் பிடித்துக்கொண்டு போனார்கள். "நான் சுட்டேன், அவ்வளவுதான்! மாவு பழ உஸ்தாத் குடுத்தது!" என்று தெரு முழுக்கக் கூவிக்கொண்டு போனான். யாரும் நம்பவில்லை. அந்த ரொட்டியாலேயே கண் போன மனிதன் மீது இப்படி ஒரு பழியா என்று அவன்மேல் துப்பினார்கள். மாவு ஆலை கழுவப்பட்டது. ஊர் மெல்லத் தெளிந்தது. தர்ஃபாவையும் அவள் குழந்தையையும் சேர்க்காமல் ஒன்பது பேர் தெளியவில்லை. கடமையில் பார்வையிழந்த நிபுணர் என்று எனக்குச் சான்றிதழும் முழு ஓய்வூதியமும் வந்தன. டாக்டர் பஹ்ஜத் சான்றிதழை உரக்க வாசித்தார். களத்தில் எல்லாரும் எழுந்து நின்றார்கள் என்று கஸ்னா சொன்னாள். அந்த லாரிக்காரனும் நின்றானாம்.

அப்படியிருக்க ஏன் இன்று நானாக வந்து இதையெல்லாம் சொல்கிறேன் என்று கேட்டீர்கள். ஒரு நிரபராதி சிறையில் இருப்பதை மனசாட்சியுள்ள எவனும் பொறுக்க மாட்டான். அதுதான் காரணம். போன வாரம் பத்திரிகையில் வந்ததைக் கஸ்னா வாசிக்கக் கேட்டேன். குர்யாக்கோஸை விடுதலை செய்யப் போகிறார்களாம். கோதுமைக்கும் ஸவானுக்கும் வித்தியாசம் தெரியாத ஒரு ரொட்டிக்காரனின் அறியாமையால் நேர்ந்த விபத்து என்று உங்கள் அறிக்கை சொல்கிறதாம்.

அறியாமை. நாற்பது நாள் ஒரு தேக்கரண்டி பிசகாமல் அளந்திருக்கிறேன். யாருக்கு எந்த நாளில் எது நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்து அளந்திருக்கிறேன், தர்ஃபாவுக்கும் சேர்த்துத்தான். இருபத்தாறு வருடப் படிப்பு அது. அதைப் போய் அறியாமை என்று எழுதினால் அந்த நிரபராதிக்குச் செய்யும் அநியாயம் அல்லவா?

எங்கே கையெழுத்திட வேண்டும் என்று என் விரலைப் பிடித்துக் காட்டிவிடுங்கள்.

கஸ்னாவுக்குப் பார்வை பெரும்பாலும் திரும்பிவிட்டது. எனக்குத் திரும்பவில்லை. வீட்டில் தனியாக உட்கார்ந்து அதிகமாகத் தின்றுவிட்டேன் என்று நினைத்து என்மேல் பரிதாபப்படுகிறாள். தினமும் வந்து சமைத்துப் போடுகிறாள், கையைப் பிடித்து அழைத்துப் போகிறாள். இன்றும் அவள்தான் கூட்டிவந்தாள். வாசலில் காத்திருக்கிறாள். உஸ்தாதுக்கு இன்னும் கொஞ்சம் நேரமாகும் என்று மட்டும் யாரையாவது அனுப்பிச் சொல்லச் சொல்லுங்கள். காரணத்தைச் சொல்ல வேண்டாம். அவள் எளிதில் பயந்துவிடுவாள், அப்படிப்பட்ட நேரத்தில் ஆறுதல் சொல்ல அவளுக்கு என்னை விட்டால் யாரும் இல்லை.